விராலுக்குப் போய்ப் பண்டாராயா பிடித்த கதை

வாளிக்குள் ஏதோ பிறாண்டிக்கொண்டிருந்தது.

வாசலில் என் வீட்டுக்காரர் ராமையா நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. காலையில் தலையில் இருந்த தொப்பியைக் காணோம். அவருக்குப் பின்னால் எங்கள் சம்பந்தி தில்லைநாதன். அவருடைய சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முகம்தான், கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“கிடைச்சிச்சா?” என்றேன்.

“கிடைச்சிச்சு,” என்றார் என் வீட்டுக்காரர். “நீ கேட்டதுதான் கிடைக்கல.”

வாளியை மூடியிருந்த சாக்கை விலக்கினேன். உள்ளே முதலைக்கும் மீனுக்கும் பிறந்தது மாதிரி கறுப்பாக ஐந்தாறு உருப்படிகள். உடம்பெல்லாம் ஓடு. ஓட்டின்மேல் முள். வாய் தாடைக்கு அடியில் இருந்தது. அந்த வாயை வாளியின் சுவரில் அப்பிக்கொண்டு, யார் வந்தால் எனக்கென்ன என்று கிடந்தன. ஒன்று புரண்டபோது அதன் முள் பிளாஸ்டிக்கில் உரசியது. அதுதான் அந்தச் சத்தம். சேற்று வாடையோடு, மழையில் நனைந்த இரும்பின் வாடையும் வந்தது.

“என்னா கருமம் இது?”

“பண்டாராயா மீனு,” என்றார் அவர். சம்பந்தி எங்கள் வீட்டு ரோஜாத் தொட்டியை ஆராய ஆரம்பித்தார்.

அறைக்குள்ளிருந்து என் மகள் கவிதாவின் குரல் வந்தது. “மா, அப்பா விரால் கொண்டாந்துட்டாரா? வாசம் வருது!”

அது வாசம் இல்லை கண்ணு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று இனமும் ஒப்புக்கொண்ட மீன்

கொரோனா ஓய்ந்து ஊர் மறுபடி நடமாடத் தொடங்கிய காலம். கவிதாவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிரசவம். சிரம்பான் தெமியாங்கில் எங்கள் வீட்டில் பத்தியத்தில் இருந்தாள்.

இந்த நாட்டில் ஒரு பெண்ணின் வயிற்றில் தையல் போட்டால், டாக்டர் ஊசியைக் கீழே வைப்பதற்குள் யாராவது விராலைப் பற்றிப் பேசிவிடுவார்கள். இங்கே அதற்கு ஹருவான் என்று பெயர். காயம் உள்ளுக்குள் ஆறுவதற்கு அதை விட்டால் வேறு மருந்து கிடையாது என்பது எல்லோருடைய முடிவு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஹருவான் கொடுத்தாச்சா?” என்று கேட்டார். எதிர் வீட்டுச் சீன அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார். என் சொந்தக்காரர்கள் போனில் கேட்டார்கள். டாக்டர் மட்டும், “கோழி, முட்டை, எது வேண்டுமானாலும் சாப்பிடலாம்” என்றார். அவரை யார் கேட்டது?

பாசாரில், அதாவது சந்தையில், விரால் விற்கிறார்கள். ஆனால் அது தொட்டியில் வளர்த்தது.

“தீவனம் தின்ன மீன்ல என்னா சத்து இருக்கும்லா?” என்றார் என் வீட்டுக்காரர். “நம்ம தோட்டத்து ஆத்துல கையை விட்டா விராலு. நான் கொண்டாறேன்.”

நம்ம தோட்டம் என்பது பெடாஸிலிருந்து உள்ளே போகிற சாலையில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். பிறகு ரப்பர் போய், பாமாயில் தருகிற செம்பனை வந்தது. நாங்கள் சிரம்பானுக்கு வந்தோம். அவர் ஓய்வு பெறும்வரை சிரம்பானுக்கும் பகாவுக்கும் பஸ் ஓட்டினார். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி ஆற்றில் மீன் இருக்கிறதா என்று பார்ப்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள்.

சம்பந்தி தில்லைநாதன் வேறு ரகம். யாழ்ப்பாணத்து வழி. அவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க், இவர் நில அளவை வேலையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டு ஹாலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பார். தூண்டிலைத் தொட்டதே கிடையாது. ஆனாலும், என் வீட்டுக்காரர் ஆற்றுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் போன் செய்துவிட்டார்.

“பேத்தி எனக்கும் பேத்திதானே சம்பந்தி. நானும் வாறன்.”

அப்படிப் போய்த்தான் இரண்டு பேரும் அந்த வாளியோடு வந்து நின்றார்கள்.

வந்ததும் வரவழைத்ததும்

நான் எழுதுகிற இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் நேராகப் போகிற ஆள் இல்லை. கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

பண்டாராயா மீனுக்கு அந்தப் பெயர் வந்த கதை எளிது. பண்டாராயா என்றால் மலாயில் மாநகரம். ஊரைக் கூட்டிப் பெருக்குகிற மாநகர் மன்றத்தையும் மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். இந்த மீன் கண்ணாடித் தொட்டியில் படிகிற பாசியை இரவு பகலாக நக்கிச் சுத்தம் செய்யும். சம்பளம் இல்லை, யூனியன் இல்லை. எங்கோ தென் அமெரிக்காவில் இருந்ததைக் கடைக்காரர்கள் விரல் நீளத்தில் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களிடம் அது கை நீளம் வளரும் என்று சொல்வதில்லை.

வெளியூரிலிருந்து உயிரினங்கள் வந்து இறங்குவது எங்களுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களை நத்தை பொறுக்க விடுவார்கள். கைப்பிடி அளவு பெரிய நத்தை. ஆப்பிரிக்காவில் பிறந்ததாம். எப்படியோ கப்பல் ஏறி வந்து எங்கள் அம்மாக்களின் கீரைப் பாத்தியைத் தின்றுகொண்டிருந்தது. பால் டின் நிறையப் பொறுக்கி வருகிற பிள்ளையை வாத்தியார் முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொல்வார். எப்போதும் ராமையாதான் முதல். வாத்தியார் நேற்றைய நத்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டச் சொன்னதும், அந்த இடத்துக்கே மறுநாள் ராமையா டின்னோடு போனதும் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் காக்காய். அந்தக் கதையைச் சொன்னவர் சம்பந்திதான். முன்னொரு காலத்தில் காப்பித் தோட்டத்தில் புழு விழுந்ததாம். வெள்ளைக்காரத் துரைமார் யோசித்து, சிலோனிலிருந்து காக்காயைக் கப்பலில் வரவழைத்தார்களாம். அது புழுவைத் தின்றதோ இல்லையோ, மைனாவின் முட்டையைத் தின்றது, புறாக் குஞ்சைத் தின்றது, எங்கள் லயத்துக் கூரையில் காயப் போட்ட கருவாட்டையும் தின்றது.

“எங்கட ஊர்க் காகம் கெட்டிக்காரக் காகம்,” என்பார் சம்பந்தி. அதில் அவருக்கு ஒரு பெருமை. அமாவாசைக்கு இலை போட்டுக் கூப்பிட்டால் வருவதற்கு ஒன்று இருக்கிறதே என்று நாங்களும் குறை சொல்வதில்லை.

சரி, திரும்பி வருவோம்.

செவுளுக்குள் ஐஸ்

பண்டாராயா வாளியைக் கண்டபிறகு நான் கோழி சூப் வைத்தேன். கவிதா குடித்தாள். என் வீட்டுக்காரருக்கு அது அவமானமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு விடியற்காலையே இரண்டு ஆண்களும் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை மதியத்துக்கு முன்பே காரின் ஹாரன் வாசலில் கேட்டது.

“வந்துட்டோம்லா!”

வாளியில் இரண்டு விரால். நல்ல கொழுத்த விரால். இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன், பள்ளிச் சீருடை போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எனக்கு லேசாக ஒரு சந்தேகம். கழுவும்போது ஒன்றின் செவுளைத் தூக்கினேன். உள்ளே சில்லென்று ஒரு ஐஸ் துண்டு.

“என்னங்க, ஆத்துல எப்படி ஐஸ் வந்துச்சு?”

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “காலையில நல்ல குளிருலா.”

சம்பந்தியைப் பார்த்தேன். அவர் மின்விசிறி ஓடுகிறதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு சூப் வைத்துக் கொடுத்தேன். கவிதா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். “ஆத்து மீனு ருசியே தனிமா.”

இரண்டு தாத்தாக்களும் அறை வாசலில் நின்று பூரித்துப் போனார்கள். பத்தியக்காரியின் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் உள்ளே குடைந்தது. மீன் பிடிப்பதில் என் வீட்டுக்காரருக்குக் கர்வம் அதிகம். பாசாரில் வாங்கி வந்து பொய் சொல்கிற அளவுக்கு அவரை இறக்கியது எது? அந்த ஆற்றில் நிஜமாகவே விரால் இல்லையா?

“அடுத்த வாரம் நானும் வர்றேன்,” என்றேன்.

நாற்காலி இறங்கிய காலை

குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பந்தியம்மா வந்தார். நாங்கள் மூவரும் தோட்டத்துக்குப் போனோம்.

தோட்டத்தில் என் தோழி பாக்கியம் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நாங்கள் எல்லாம் ஊரை விட்டு வந்தபிறகும் அங்கேயே இருக்கிறாள். செம்பனை நாற்று மேட்டில் வேலை. வேலை முடிந்தால் ஆற்றில் வலை போடுவாள். அவள் வாய்க்குக் கங்காணி, கணக்கெழுதுகிற கிராணி எல்லோரும் பயந்த காலம் உண்டு. போனில் நான் வருவதாகச் சொன்னதுமே, “விராலா? கெடச்சா எனக்கும் ரெண்டு குடு,” என்று சிரித்தவள் அவள்தான்.

நாங்கள் போனபோது வலையை விரித்துக் காட்டினாள். வலை என்று சொல்ல முடியாது. ஓட்டைகளைக் கயிற்றால் கட்டி வைத்தது போல் இருந்தது.

“இந்த முள்ளு மாட்டுனா வராதுடி. அறுத்துத்தான் எடுக்கணும். மீன இல்ல, வலைய.” ஆற்றைக் கையால் காட்டினாள். “மத்த மீனு முட்ட போட்ட எடத்த எல்லாம் நக்கிட்டுப் போயிருது. செப்பாட்டு, புயு, நம்மூருக் கெளுத்தி எல்லாம் கொறஞ்சு போச்சு. நீர்நாய் கூட்டங் கூட்டமா வரும்ல, இப்ப எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுதான். போன மாசம் ஒரு உடும்பு இத முழுங்கப் பாத்துச்சு. முள்ள விரிச்சிக்கிச்சு, தொண்டையில மாட்டிக்கிச்சு. பாவம், தலைய ஆட்டி ஆட்டித் துப்பிட்டு என்னைய ஒரு மொற மொறச்சிச்சு பாரு, என்னமோ நான் ஆக்கிப் போட்ட மாதிரி!”

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். சம்பந்தி கரையோரம் தன் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் கைப்பிடியில் காப்பிக் குவளை வைக்க ஒரு வளையம் இருந்தது. அதில் காப்பியும் இருந்தது. இஸ்திரி போட்ட கால்சட்டை, வெயில் தொப்பி, கையில் புதுத் தூண்டில்.

“ஐயா, அங்கிட்டு உக்காராதீங்க!” என்று கத்தினாள் பாக்கியம். “கரைக்குள்ள பூராப் பொந்து!”

அந்த மீன் கரையைக் குடைந்து பொந்துக்குள் முட்டையிடுமாம். எங்களுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சம்பந்திக்கும் அப்போதுதான் தெரிந்தது.

நாற்காலி இறங்கியது. சாய்ந்து விழவில்லை, அப்படியே நேராக, லிஃப்டில் கீழே போகிறவரைப்போல் இறங்கினார். முதலில் கால், பிறகு முட்டி, பிறகு கைப்பிடி. காப்பிக் குவளை தனியாக மிதந்து போனது. இடுப்பளவு தண்ணீரில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தூண்டிலை மட்டும் நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தி,” என்றார் மிகவும் மரியாதையாக, “நான் விழுந்திட்டன் போலக் கிடக்கு.”

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் ஓர் அடி முன்னால் வைத்தார். அவர் நின்ற இடமும் பெயர்ந்தது. அவர் மரியாதையாக இறங்கவில்லை, தலைகுப்புறப் போனார்.

நானும் பாக்கியமும் கையைக் கொடுத்து இருவரையும் இழுத்தோம். சம்பந்தியை இழுத்துக் கரையில் போட்ட பாக்கியம், அவர் முகத்தில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“ஐயா, ஒங்கள நான் முன்னமே பாத்துருக்கேன்.”

குடத்தோடு போனவர்

“கவிதா கல்யாணத்துல பார்த்திருப்பே,” என்றேன்.

“கல்யாணத்துக்கு நான் எங்க வந்தேன்? கல்யாணம் முடிஞ்சு, நம்ம முனியாண்டி கோயில்ல பொங்க வைக்க எல்லாரும் வந்தீங்கல்ல, அப்ப.” பாக்கியம் நிமிர்ந்தாள். “எல்லாரும் கோயில்ல இருக்கறப்ப இந்த ஐயா மட்டும் ஒரு எவர்சில்வர் கொடத்த இடுப்புல அணைச்சுக்கிட்டு ஆத்துப் பக்கம் போனாரு. கொடத்துத் தண்ணிய மெதுவா ஊத்துனாரு. ஊத்திட்டுக் கையெடுத்துக் கும்புட்டாரு. நான்கூட, இது ஏதோ சிலோன் ஆளுங்க சாங்கியம் போலருக்குன்னு, தூரத்துல நின்னு நானும் கும்புட்டேன்லா!”

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம். அவருடைய கண்ணாடியில் சேற்றுத் தண்ணீர் வழிந்தது. அதைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார். துடைப்பதற்கு அவரிடம் காய்ந்த துணி எதுவும் இல்லை.

“ரெண்டு மீன்,” என்றார். “தொட்டியில அடங்கேல்ல. மற்ற மீனை எல்லாம் கலைக்கத் தொடங்கீற்றுது. கொல்ல எனக்கு மனம் வரேல்ல. கோயிலுக்கு வாற நாள்தானே, ஆத்தில விட்டாப் புண்ணியம் எண்டு நினைச்சனான்.”

அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரருக்கு விடத் தெரியாது.

“காக்காவையும் நீங்கதான் கொண்டாந்தீங்க,” என்றார், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக. “இந்தக் கருமத்தையும் நீங்கதானா!”

பாக்கியம் வெடித்துச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, சம்பந்தி தனியாகப் போய் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.

“வீட்ட போவம்,” என்றார்.

காரின் இருக்கை நனையக் கூடாது என்று தன் அடியில் செய்தித்தாள் போட்டுக்கொண்டு சிரம்பான்வரை ஓட்டினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு மீன் ஓர் ஆற்றை நிரப்பிவிடாது. சிரம்பானில் எத்தனை வீட்டில் எத்தனை தொட்டி, எத்தனை பேர் எத்தனை குடம் ஊற்றினார்களோ. ஆனால் குடத்தோடு பாக்கியத்தின் கண்ணில் பட்டவர் அவர் ஒருவர்தான்.

காய்ந்த தொட்டி

அதன் பிறகு சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சம்பந்தியம்மா மட்டும் வருவார், குழந்தையைக் கொஞ்சுவார், போவார். “அவருக்கு முழங்கால் நோ,” என்பார். அந்த முழங்கால் நோவு வாரக்கணக்கில் நீண்டது. மருமகன் எங்களிடம் பேசுவதும் சுருங்கிப்போனது.

கவிதாதான் கேட்டாள். “ப்பா, மாமாவ என்னா சொன்னீங்க?”

“வெளாட்டுக்குத்தான் சொன்னேன்.”

“வெளாட்டுன்னா அவருக்கும் சிரிப்பு வரணும்ல?”

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டையை மாட்டினார். நானும் கூடவே போனேன்.

சம்பந்தி வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அந்தத் தண்ணீர்க் குமிழிச் சத்தம் இல்லை. தொட்டி காலியாக, காய்ந்து, துடைத்து வைத்தபடி இருந்தது. மீனையெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். ஒவ்வொருவரையும் சாமியறைக்குக் கூட்டிப்போய், எந்தக் காலத்திலும் ஆற்றில் ஊற்ற மாட்டேன் என்று கற்பூரத்தின்மேல் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாராம். அதனால் இரண்டு பேர் மீனே வேண்டாம் என்று ஓடிவிட்டார்களாம்.

“சம்பந்தி, நான் பேசுனது தப்பு,” என்றார் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் அவர் வாயில் கேட்டதில்லை.

“நீங்கள் பேசினது சரி சம்பந்தி. அதுதான் எனக்குக் கஷ்டம்.” சம்பந்தி அந்தக் காலித் தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். “கெட்டது செய்திருந்தா, இனிச் செய்யாம விடலாம். நான் நல்லது எண்டு நினைச்செல்லோ செய்தனான். கும்பிட்டுப்போட்டும் வந்தனான். அதை இனி எப்பிடித் திருத்துறது?”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பெரிய பேச்செல்லாம் அவருக்கு வராது.

“பிடிச்சுத்தான்,” என்றார். “வேற என்னா? வலை எங்கிட்ட இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனார்கள், நானும் கூடப் போனேன். சம்பந்தி முட்டிக்கு மேல் வருகிற ரப்பர் பூட்ஸும் தோட்டக் கையுறையும் வாங்கியிருந்தார். நாற்காலி கொண்டுவரவில்லை.

பாக்கியம்தான் தலைமை. யார் எங்கே நிற்பது, எந்தப் பொந்தில் கை விடுவது, எதில் விடக் கூடாது எல்லாம் அவள் உத்தரவு. பொந்தில் பாம்பும் இருக்கும். பிடித்த பண்டாராயாவைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து வாழைக்கு அடியில் புதைத்தாள். மிச்சத்தைச் சீனி போட்டு டிரம்மில் ஊறவைத்து உரமாக்கினாள். அதில் ஒரு போத்தலை எனக்காகச் சம்பந்தி தன் காரில் கொண்டுவந்தார். வழியில் மூடி திறந்துகொண்டது. அந்தக் காரில் இன்றைக்கும் மழை நாளில் யாரும் ஏறுவதில்லை. என் கறிவேப்பிலை மட்டும் கூரையைத் தொடுகிறது.

பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமத்திலிருந்தும் சிலர் வலையோடு வர ஆரம்பித்தார்கள். சில வாரம் நல்ல கூட்டம், சில வாரம் நாங்கள் நால்வர் மட்டும்.

மீன் குறைந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு சாக்கு எடுத்தால் ஆறு இன்னொரு சாக்கை வைத்திருந்தது. சில நாள் சலித்துப்போய், பேசாமல் பாசாருக்கே போயிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் பழைய சிமெண்டு மடைக்கு மேலே, தண்ணீர் ஆழமில்லாத ஒரு துண்டு இருக்கிறது. அங்கே மட்டும் வாரா வாரம் எடுத்து எடுத்து, கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

வலையில் வேறு மீன் விழுந்தால் சம்பந்தி கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். “இது எங்கடையோ, வந்ததோ?” என்று கேட்பார்.

“நம்மளுது. விடுங்க,” என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் குனிந்து, தண்ணீரில் கையை முழுக்க அமிழ்த்தி, மெதுவாக விரலைத் திறப்பார்.

மடைக்கு மேலே

அடுத்த மழைக்காலம் வந்தது. பேத்தி தவழ ஆரம்பித்திருந்தாள். கவிதா வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளுடைய தையல் எப்போதோ ஆறி, பாசார் விராலோ, கோழி சூப்போ, டாக்டரோ, யாருக்குப் பெருமை சேர்ப்பது என்பதும் மறந்துபோயிருந்தது.

ஒரு காலை, மடைக்கு மேலே பாக்கியம் சட்டென்று நின்று கையை உயர்த்தினாள். எல்லோரும் நின்றோம்.

கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் சிவந்திருந்தது. யாரோ குங்குமத்தைக் கொட்டிய மாதிரி ஒரு திட்டு. அந்தத் திட்டு நகர்ந்தது. நகரும்போது உலைநீர் கொதிப்பதுபோல் மேலே சின்னச் சின்னதாகக் கொப்பளித்தது.

“விரால் குஞ்சு,” என்றாள் பாக்கியம், மூச்சு விடுகிற மாதிரி.

நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஊசி முனை அளவு. அவற்றுக்குக் கீழே, நிழலா மீனா என்று தெரியாமல் இரண்டு கறுத்த முதுகுகள். தாயும் தகப்பனும். குஞ்சு பெரிதாகும்வரை அவை கூட்டத்தை விட்டு நகராது. அந்தச் சிவப்புக்கு நடுவில் தூண்டிலை எறிந்தால், பசிக்காக அல்ல, கோபத்தில் வந்து கடிக்கும். விரால் பிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. பெரியதைத் தூக்கிவிட்டால், குஞ்சுகளை மற்றவை அன்றைக்கே தின்று தீர்த்துவிடும்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தோளில் தூண்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதையும் கொண்டுவருவார், எதற்கென்று யாரும் கேட்டதில்லை. கண்ணெல்லாம் அந்த முதுகுகளில் இருந்தது. பிறகு தூண்டிலை எடுத்து, சத்தம் வராமல் பின்னால் புல்லில் கிடத்தினார்.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம். செம்பனைக்கு நடுவே இருக்கிற மண்பாதையில் ஒரு மலாய்க்கார இளைஞன் வந்து நின்றான். முதுகில் தூண்டில். அதன் நுனியில் விராலுக்கென்றே செய்த ரப்பர்த் தவளை தொங்கியது.

“பாங்! ஹருவான் அடா?” என்று கேட்டான். அண்ணே, விரால் இருக்கா என்று.

பாக்கியமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சம்பந்திதான் அசைந்தார். ரப்பர் பூட்ஸோடு தளக் தளக்கென்று இரண்டு எட்டு வைத்து, அந்தச் சிவப்புத் திட்டு பையனின் கண்ணில் படாதபடி மறைத்து நின்றார். கோயில் கணக்கில் ஒரு தேங்காய் கூடினால்கூட எழுந்து நின்று திருத்துகிற மனிதர் அவர்.

“தாக் அடா!” என்றார் கணீரென்று. “பண்டாராயா சாஜா!”

இல்லவே இல்லை, பண்டாராயா மட்டும்தான் என்று அர்த்தம். அத்தோடு விடவில்லை. குனிந்து சாக்குக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய பண்டாராயாவின் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அது வாயைப் பிளந்து தொங்கியது.

பையன் முகத்தைச் சுளித்தான். தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். சத்தம் செம்பனைகளுக்குள் போய் அடங்கியது.

“சம்பந்தி!” என்றார் என் வீட்டுக்காரர், பிரமித்துப்போய். “பொய்யா சொல்றீங்க?”

“ஓம்,” என்றார் சம்பந்தி, திரும்பிப் பார்க்காமலே. “மெல்லக் கதையுங்கோ. பிள்ளையள் நித்திரை.”